"ரிப்போர்ட்தான் நார்மலாச்சே, அப்புறம் என்ன வலி?"

கேள்வி: எனக்கு 38 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மூன்று வருடமாக உடம்பு முழுக்க வலி. எவ்வளவு தூங்கினாலும் காலையில் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, முதுகு எம்ஆர்ஐ எல்லாம் நார்மல். மாமியார் 'வேலைக்குப் பயந்து நடிக்கிறாள்' என்கிறார். கணவர் ரிப்போர்ட்டைக் காட்டுகிறார். மெடிக்கலில் வாங்கி தினமும் வலி மாத்திரை போடுகிறேன். போன வாரம் ஆறு வயது மகன் ஓடிவந்து கட்டிக்கொண்டபோது வலி தாங்காமல் தள்ளிவிட்டேன். எனக்கு மனநோயா டாக்டர்?

பதில்: இல்லைம்மா. நீங்கள் நடிக்கவும் இல்லை. எழுதியிருப்பதைப் பார்த்தால் ஃபைப்ரோமயால்ஜியாவாக, அதாவது உடம்பு முழுக்க நீடிக்கும் வலி நோயாக இருக்கலாம். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

எலும்பு தேயவில்லை, ஜவ்வு விலகவில்லை, ரத்தத்தில் அழற்சி இல்லை. உங்கள் ரிப்போர்ட் சொல்வது இவ்வளவுதான். வலியை அளக்க ஒரு ஸ்கேனும் கிடையாது. வெயிலில் கன்றிய தோலில் சட்டை உரசினாலே எரியும் இல்லையா? உங்களுக்குத் தோலில் ஒன்றும் இல்லை. ஆனால் சாதாரணத் தொடுதலைக்கூட தண்டுவடமும் மூளையும் வலியாகக் கூட்டிக் காட்டுகின்றன. பிள்ளை கட்டிக்கொண்டது வலித்தது அதனால்தான். அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

1990-ல் வகுத்த முறைப்படி, உடம்பில் 18 இடங்களில் கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்துவோம். மூன்று மாதமாக உடம்பு முழுக்க வலி இருந்து, குறைந்தது 11 இடங்களில் வலித்தால் இந்த நோய். 2010-ல் வந்த முறையில் அந்தக் கணக்கு தேவையில்லை. எங்கெல்லாம் வலிக்கிறது, தூங்கி எழுந்தும் அசதி தீரவில்லையா, மறதி உண்டா, மூன்று மாதமாவது நீடித்ததா என்று கேட்டே கண்டுபிடிக்கலாம். உட்கார்ந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். கூட்டமான ஓபியில் அதுதான் நடப்பதில்லை. ஆரம்பத்தில் நானும் "ஒண்ணுமில்லம்மா, டென்ஷன்" என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பியவன்தான்.

அந்த வலி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடுவதை நிறுத்துங்கள். இந்த வலிக்கு அது பெரிதாகக் கேட்காது; வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் டி பார்க்காமல் விட்டிருந்தால் பார்த்துவிடுங்கள். மருத்துவர் இரவில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எழுதக்கூடும். கணவர் அதை கூகுளில் தேடினால் 'மனச்சோர்வு மாத்திரை' என்று வரும். பயப்பட வேண்டாம். மனச்சோர்வுக்கு அதைப்போல் பல மடங்கு கொடுப்பார்கள். இந்தச் சிறிய அளவு வலிக்கும் தூக்கத்துக்கும்தான்.

மாத்திரையைவிட முக்கியம் நடை. முதலில் பத்து நிமிடம் போதும், ஆனால் தினமும். என்னிடம் வரும் பெண்கள் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. வலி கொஞ்சம் குறைந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு வாரத் துணியையும் ஊறவைத்துத் துவைத்துப் பிழிந்துவிட்டு, புதன்கிழமை வரை எழ முடியாமல் கிடப்பார்கள். 'பார், அன்னைக்கு மட்டும் முடிஞ்சுதே' என்று வீட்டிலும் பேச்சு வரும். நல்ல நாளிலும் பாதி வாளியோடு நிறுத்துங்கள். மீதியைக் கணவர் துவைக்கட்டும்.

மூட்டு வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, எடை குறைந்தாலோ, கை கால் பலம் இழந்தாலோ காத்திருக்காதீர்கள். அது வேறு நோயாக இருக்கலாம். இல்லாவிட்டாலும் ஒருமுறை ருமட்டாலஜிஸ்ட்டை (மூட்டு, தசை வலி நோய்களுக்கான மருத்துவர்) பாருங்கள். போகும்போது கணவரைக் கூட்டிக்கொண்டு போய், அவர் கேட்க வேண்டியதை அங்கேயே கேட்கச் சொல்லுங்கள். ஸ்கேனுக்கு இருக்கிற ரிப்போர்ட்டுகளே போதும். இன்னொரு எம்ஆர்ஐக்குப் பணம் கட்டாதீர்கள்.