ஆட்டம் உள்ளூர், கைக்குட்டை போர்த்துகீசியம்

கேள்வி: இந்தோனேசியர்கள் நடனத்தை ‘டன்சா’ என்கிறார்களே, அது போர்த்துகீசியச் சொல்லா?

டச்சுக்காரர்களின் ‘டன்ஸ்’ என்று சொல்வோரும் உண்டு. கடைசியில் இழுபடும் அந்த ‘ஆ’வைக் கேட்டால் எனக்குப் போர்த்துகீசியம்தான் தோன்றுகிறது. எப்படியும், ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடும் மேல்நாட்டு ஆட்டம்தான் டன்சா. பாலித் தீவுக் கோயிலில் ஆடுவதை அப்படிச் சொல்லமாட்டார்கள், அது ‘தாரி’.

கேள்வி: அப்போ மலாய் மக்களின் ‘ஜோகெட்’ ஆட்டம்?

சொல் உள்ளூர்ச் சரக்கு, ஜாவாவிலும் இருக்கிறது. தாளம்தான் வேறு கதை. மலாக்கா 1511 முதல் 1641 வரை போர்த்துகீசியர் கையில் இருந்தது. அவர்கள் வழிவந்த கிறிஸ்தாங் மக்கள் மலாக்காவின் உஜோங் பாசிரில் இன்றும் ‘பிரான்யோ’ ஆடுகிறார்கள். ஜோகெட் அதிலிருந்து கிளைத்தது என்று பலரும் சொல்வார்கள். பெயரையும் தாளத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

கேள்வி: மலுக்குத் தீவுகளின் ‘லென்சோ’ ஆட்டத்துக்கு ஏன் அந்தப் பெயர்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. போர்த்துகீசியத்தில் ‘லென்சு’ என்றால் கைக்குட்டை. அம்போன் பக்கத்து மலாயிலும் லென்சோ என்றால் கைக்குட்டைதான். ஆடுபவர்கள் விரலிடுக்கில் ஒரு கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு, தாளத்துக்கேற்ப மணிக்கட்டைச் சுழற்றுவார்கள். சுலாவெசியின் மினஹாசாவில் இதை வரன் பார்க்கும் ஆட்டம் என்பார்கள்: நீட்டிய கைக்குட்டையை வாங்கிக்கொண்டால் சம்மதம், வீசியெறிந்தால் அவ்வளவுதான். ஆடும் முறைக்குப் பெயர் வாங்காமல், கையில் இருந்த துணிக்கு வாங்கி, அதையே ஆட்டத்துக்கும் வைத்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்து வாசகர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். அவர்கள் வீட்டு ‘லேஞ்சி’யும் இதே சொல்தான். சென்னைக்காரருக்கு அது புரியாது, அம்போன்காரருக்குப் புரிந்தாலும் புரியும்!

கேள்வி: இலங்கையின் பைலா, கபிரிஞ்ஞா ஆட்டங்கள் அந்தப் பக்கம் போயிருக்கின்றனவா?

பைலா என்பது ஆடுவதைக் குறிக்கும் ‘பைலார்’ என்ற வினையிலிருந்து வந்தது. அது இலங்கையோடு நிற்கட்டும். கபிரிஞ்ஞாவுக்கு அங்கே உடன்பிறப்புகள் உண்டு. மேற்குச் சுமத்திராவின் பாடாங்கில், காமாட் என்ற உள்ளூர் இசையோடு ஆடுவது ‘கபாரின்யோ’. ஜகார்த்தாவின் வடக்கே, துகு கிராமத்தில் குரோன்சோங் என்ற போர்த்துகீசியச் சாயல் இசையை வாசிப்பவர்களிடமும் அதே பெயரில் பாட்டு இருக்கிறது. மூன்றுக்கும் வேர் போர்த்துகீசியத்தின் ‘காஃப்ரே’, அதாவது ஆப்பிரிக்கர். நம் ‘காப்பிரி’யும் அந்தக் குடும்பம்தான்.

கேள்வி: வேறு சொற்கள்?

விழாவுக்கு ‘பெஸ்தா’, வயலினுக்கு ‘பியோலா’, ஜகார்த்தாவின் பெத்தாவி மக்களுடைய பித்தளை வாத்தியக் குழுவுக்கு ‘தஞ்சிதோர்’. கடைசிச் சொல்லுக்குப் போர்த்துகீசியத்தில் நரம்புக்கருவி மீட்டுபவர் என்று பொருள். ஜகார்த்தா போனதும் அவர் ஊத ஆரம்பித்துவிட்டார்.