யூரிட்டர் சுருக்கம்: காலம் முழுக்க ஸ்டென்ட்டோடு இருக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 46. போன வருடம் யூரிட்டரில், அதாவது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் குழாயில், சிக்கியிருந்த கல்லை லேசரில் உடைத்து எடுத்தார்கள். இப்போது ஸ்கேனில் இடது சிறுநீரகம் வீங்கியிருக்கிறது, கல் இருந்த இடத்தில் குழாய் சுருங்கிவிட்டது என்கிறார்கள். புற்றுநோய் இல்லையாம். பலூனால் விரித்து ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை உள்ளே வைக்கச் சொல்கிறார் டாக்டர். அது காலம் முழுக்க உள்ளே இருக்குமா? வலியே இல்லை, கொஞ்ச நாள் தள்ளிப்போடலாமா?

பதில்: தள்ளிப்போடாதீர்கள். மெதுவாக வளரும் அடைப்பு பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காமலே சிறுநீரகம் கெட்டுப்போகும். அது இப்போது எவ்வளவு வேலை செய்கிறது என்பதை டிடிபிஏ போன்ற ரீனோகிராம் ஸ்கேன் காட்டும். இன்னும் எடுக்கவில்லை என்றால் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டென்ட் பொதுவாகச் சில வாரங்களுக்குத்தான். மயக்க மருந்து கொடுத்து, சிறுநீர் வரும் வழியாகவே கருவியைச் செலுத்தி, தழும்பால் இறுகிய இடத்தை பலூனால் விரிப்பார்கள், அல்லது லேசரால் கீறிவிடுவார்கள். வெளியே வெட்டுக்காயம் இருக்காது. அந்த இடம் விரிந்தபடியே ஆறுவதற்காகத்தான் டிஜே எனப்படும் இந்த ஸ்டென்ட். அதன் ஒரு முனை சிறுநீரகத்திலும் மறுமுனை சிறுநீர்ப்பையிலும் சுருண்டு நிற்பதால் நழுவாது. பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்தில் எடுத்துவிடலாம்.

சரி, இது பலன் தருமா? உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது, சுருக்கம் எத்தனை சென்டிமீட்டர் என்று. 2 சென்டிமீட்டருக்குள் இருந்து, சிறுநீரகமும் நன்றாக வேலை செய்தால் முயன்று பார்ப்பது நியாயம். அதைவிட நீளமென்றால் மறுபடி சுருங்கும் வாய்ப்பு அதிகம். அப்போது சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்டென்ட் மாற்றிக்கொண்டே இருப்பதை உங்கள் வயதில் நான் பரிந்துரைக்க மாட்டேன். சுருங்கிய பகுதியை வெட்டி இணைப்பது, குழாயைச் சிறுநீர்ப்பையில் புதிதாகப் பொருத்துவது, கன்னத்தின் உட்சவ்வை ஒட்டுப்போட்டு அகலப்படுத்துவது என்று நிரந்தர வழிகள் உண்டு, சிறு துளைகள் வழியாக, லேப்ராஸ்கோப்பியிலும் செய்யலாம். தொடர்ந்து ஸ்டென்ட் வைப்பது ஆபரேஷனைத் தாங்க முடியாத முதியவர்களுக்குத்தான் பொருந்தும்.

ஸ்டென்ட் இருக்கும்போது அடிக்கடி சிறுநீர் வரும், நடந்தால் சிவப்பாகப் போகலாம், சிறுநீர் கழிக்கும்போது விலாவில் இழுக்கும். டாம்சுலோசின் மாத்திரை சிலருக்கு இதைக் குறைக்கிறது. டாக்டரைக் கேட்டுச் சாப்பிடுங்கள். குளிர்க்காய்ச்சல் வந்தால் மட்டும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எடுக்க வேண்டிய தேதியை வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள். மாதக்கணக்கில் மறந்துபோன ஸ்டென்ட்டில் கல் படியும். அதை எடுப்பதே பெரிய ஆபரேஷனாகிவிடும், சிறுநீரகத்தையே இழந்தவர்களும் உண்டு. அப்புறம், எடுத்த பிறகும் முதல் ஒரு வருடம் வலி இல்லாவிட்டாலும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் ஸ்கேன் எடுங்கள். சுருக்கம் திரும்பி வருவது பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான்.