பதினொரு மணிக்குச் சாப்பிடுகிற பிள்ளை

கேள்வி: என் மகளுக்குப் பதினாலு வயசு, ஒன்பதாவது படிக்கிறாள். மேல்வரிசைப் பல் தூக்கலாக இருக்கிறது என்று சீட்டு எடுத்து ராமநாதபுரத்தில் கிளிப் போட்டோம். ஒன்பது மாசம் ஆகிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசு இல்லாமல் இரண்டு தடவை டாக்டரிடம் போகவில்லை. இப்போது ஈறு வீங்கி, பல் விளக்கினால் ரத்தம் வருகிறது. பனங்கிழங்கு தின்று, கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டியிருந்த பிராக்கெட் இரண்டு கழன்றுவிட்டது. கம்பி கன்னத்தைக் குத்தியது என்று அவள் அண்ணன் நகவெட்டியால் நறுக்கிவிட்டான். பல்லில் வெள்ளை விழுந்துவிட்டது, ராத்திரி விளக்காவிட்டால் கழற்றிவிடுவேன் என்று டாக்டர் சத்தம் போட்டார். எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை, சோம்பேறி. அவுக அப்பா படகுத்துறையிலிருந்து வரப் பத்து மணி ஆகும். அவுகளும் அண்ணனும் சாப்பிட்ட பிறகு பாத்திரத்தைக் கழுவிப்போட்டு, அவள் சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்று ஆகிவிடும். படுத்ததும் தூங்கிப்போகிறாள். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் போதாதா? பேசாமல் கழற்றிவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத தாய், தங்கச்சிமடம்

பதில்:

சகோதரி, ஈறு, கம்பி, வெள்ளை என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதிவிட்டு, போகிற போக்கில் பதினொரு மணி என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் அந்த வரியில்தான் இருக்கிறது.

பகலெல்லாம் பள்ளிக்கூடம். இரவு பத்து மணிக்கு அப்பாவும் அண்ணனும் சாப்பிட்டு எழும்வரை காத்திருப்பு. பிறகு அவர்கள் தட்டு, சோத்துப்பானை, குழம்புச் சட்டி எல்லாம் கழுவ வேண்டும். அப்புறம் மிச்சம் இருப்பதைச் சாப்பிட வேண்டும். அதற்கும் பிறகு கண்ணாடி முன்னால் நின்று பத்து நிமிடம் கம்பி கம்பியாகப் பல் விளக்க வேண்டும். முடியாமல் தூங்கிப்போனால் அவளுக்குச் சோம்பேறி என்று பெயர். தின்ற தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போகிற உங்கள் மகனுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? கடிதம் முழுக்கத் தேடினேன், அவனைப் பற்றி ஒரு குறையும் இல்லை.

பெண்பிள்ளை வீட்டு வேலை செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டில் இருக்கிற எல்லாப் பிள்ளையும் செய்ய வேண்டும் என்கிறேன். ஆனால் வளர்கிற பிள்ளையைக் கடைசியில் சாப்பிட வைப்பதை ஒழுங்கு என்றோ மரியாதை என்றோ நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சீட்டுப் பணத்தை எடுத்து அவள் வாயில் கம்பியைக் கட்டினீர்கள். அந்தக் கம்பியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தேவைப்படுகிற அரைமணி நேரத்தை மட்டும் கொடுக்கவில்லை.

இரவு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேளுங்கள். நாம் சாப்பிடுகிற மாவுப்பொருளையும் இனிப்பையும் பல்லில் படிந்திருக்கும் கிருமிகள் அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல்பூச்சிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உருவுகிறது. பகலில் எச்சில் ஊறி அமிலத்தைக் கழுவிவிடும், இழந்த சத்தில் கொஞ்சத்தைத் திரும்பவும் பல்லுக்குக் கொடுக்கும். தூங்கும்போது எச்சில் ஊறுவது மிகவும் குறைந்துவிடுகிறது. கிளிப் போட்ட வாயில் ஒவ்வொரு பல்லிலும் ஒரு சின்னத் திண்ணை இருக்கிறது. அதற்கு மேலும் கீழும் சோறு தங்க இடம். பதினொரு மணிக்குத் தின்ற சோற்றுப் பருக்கையும் கருவாட்டு நாரும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தபடி விடியும்வரை இருந்தால் என்ன ஆகும்? டாக்டர் சொன்ன வெள்ளை அதுதான். அழுக்கு என்று நினைத்துத் தேய்க்காதீர்கள், பல் கரைய ஆரம்பித்த இடம் அது. சரியாக விளக்காத வாயில் ஒரு மாதத்திலேயே வந்துவிடும். பின்னால் கிளிப்பைக் கழற்றினால் பிராக்கெட் இருந்த சதுரம் மட்டும் நல்ல பல்லாகவும், சுற்றிலும் சுண்ணாம்பு பூசியதுபோலவும் நிற்கும். குழி விழாதவரை, ஃப்ளூரைடு பேஸ்ட்டாலும் சுத்தத்தாலும் அதை அங்கேயே நிறுத்த முடியும். தடம் முழுக்க மறையும் என்று என்னால் சொல்ல முடியாது.

உப்புத் தண்ணீர் இதற்குப் போதாது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளித்தால் கன்னத்துப் புண்ணுக்கு இதமாக இருக்கும். பல்லில் ஒட்டிய படிவத்தை அது பெயர்க்காது, பிரஷ் முடிதான் பெயர்க்கும். பல்பொடியும் வேப்பங்குச்சியும் இந்த இரண்டு வருஷத்துக்கு வேண்டாம். குச்சி கம்பிக்கு அடியில் போகாது, பிராக்கெட்டையும் நெம்பிவிடும்.

இப்படிச் செய்யச் சொல்லுங்கள். கொல்லையில் தண்ணீர்த் தொட்டி பக்கம் இருட்டில் நின்று விளக்கினால் ஒரு பயனும் இல்லை. பல்பு வெளிச்சம் விழும் இடத்தில் கண்ணாடியை மாட்டுங்கள். குழாயில் தண்ணீர் வராத நாளென்றாலும் ஒரு செம்புத் தண்ணீர் தாராளம். முதலில் தண்ணீரை வாயில் வைத்து நன்றாக அலசித் துப்ப வேண்டும். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் குறுக்காக ரப்பர் மாட்டச் சொல்லியிருந்தால் அதைக் கழற்றிவிட வேண்டும். மென்மையான பிரஷ்ஷில் பட்டாணி அளவு ஃப்ளூரைடு பேஸ்ட். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் பிரஷ்ஷைச் சாய்த்து வைத்து, ஒவ்வொரு பல்லாகச் சின்னச் சின்ன வட்டம். அடுத்து பிரஷ்ஷைக் கீழ்நோக்கிச் சாய்த்து பிராக்கெட்டின் மேல்பக்கம், மேல்நோக்கிச் சாய்த்து கீழ்ப்பக்கம். பிறகு உள்பக்கமும் மெல்லும் பக்கமும். கடைசியாக, பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டிபோல ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கும், இன்டர்டென்டல் பிரஷ் என்று கேளுங்கள். அதைக் கம்பிக்கு அடியில் மேலிருந்தும் கீழிருந்தும் நுழைத்து, இரண்டு பிராக்கெட்டுகளுக்கு நடுவில் நாலைந்து தடவை இழுக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான். முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும், வாய் நிறையத் தண்ணீர் விட்டு அலசினால் ஃப்ளூரைடும் போய்விடும். அதற்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போகக் கூடாது. கற்கண்டு போட்ட பாலும் கூடாது. கம்பி பட்டு பிரஷ் சீக்கிரம் விரிந்துவிடும், விரிந்ததும் மாற்றுங்கள்.

ரத்தம் வருகிறது என்று பயந்து விளக்குவதைக் குறைத்திருப்பாள், அநேகமாக நீங்களே குறைக்கச் சொல்லியிருப்பீர்கள். ஈறோரம் படிவம் தங்கியதால்தான் ஈறு வீங்கி ரத்தம் வருகிறது. அந்த இடத்தை மென்மையாக, ஆனால் விடாமல் விளக்க வேண்டும். ஒன்றிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் ரத்தம் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டி ஈறைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

இதெல்லாம் இரவு எட்டரை மணிக்கு நடக்க வேண்டியவை. அவள் எட்டு மணிக்குச் சாப்பிட்டு, எட்டரைக்கு விளக்கி, படித்துவிட்டுப் படுக்கட்டும். அப்பாவுக்குப் பரிமாற நீங்கள் இருக்கிறீர்கள். பாத்திரத்தை உங்கள் மகன் கழுவுவான். நகவெட்டியைப் பிடிக்கத் தெரிந்த கைக்குத் தேங்காய்நாரையும் பிடிக்கத் தெரியும்.

அந்த நகவெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இனி யாரும் அதை அவள் வாய்க்குள் கொண்டுபோகக் கூடாது. நறுக்கிய துண்டு தெறித்து மூச்சுக்குழலில் போனால் ஆபத்து. நறுக்கிய முனை முன்னைவிடக் கூராக நிற்கும். கடைவாய்ப் பல்லில் ஒட்டியிருக்கும் சின்னக் குழாயிலிருந்து கம்பி முழுவதும் வழுகி வந்துவிடவும் செய்யும். கம்பி குத்தினால் சுத்தமான பென்சில் ரப்பர் முனையாலோ காது குடையும் பஞ்சுக் குச்சியாலோ மெதுவாகப் பல்லோடு அழுத்திப் பார்க்கலாம். டாக்டரிடம் கிளிப் மெழுகு கேட்டு வாங்கி வைத்திருங்கள், கம்பி வளையவில்லை என்றால் அது உதவும். குத்தும் இடத்தைப் பஞ்சால் ஈரம் போகத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு மெழுகை விரலில் உருட்டி அதன்மேல் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு வைத்தால் நிற்காது. சாப்பிடுவதற்கும் விளக்குவதற்கும் முன் எடுத்துவிட வேண்டும். இது டாக்டரிடம் போய்ச் சேரும்வரைக்குத்தான்.

பனங்கிழங்கை முன்பல்லால் கடித்து நாரை இழுத்துத் தின்பது நம் பக்கத்து வழக்கம். பிராக்கெட்டைப் பல்லில் ஒட்டியிருக்கும் பசை நேராக அழுத்தினால் தாங்கும், பக்கவாட்டில் இழுத்தால் விட்டுவிடும். கரும்பு, முறுக்கு, கடலை மிட்டாய், கருப்பட்டிக் கட்டி, நண்டுக் கால் கடிப்பது எல்லாம் இதே கதைதான். கணவாயை ரப்பர்போல வேகவிட்டுக் கொடுக்காதீர்கள், பொடியாக நறுக்குங்கள். கிழங்கு இல்லாமல் முடியாது என்றால் நார் எடுத்து, சின்னத் துண்டாக்கி, கடைவாயில் மென்று தின்னட்டும். நுங்கு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். கம்பி முடுக்கிய முதல் மூன்று நாலு நாள் பல் வலிக்கும். அப்போது குழைந்த சோறு, முள் நீக்கிய மீன், இட்லி. கன்னத்தில் புண் இருக்கும்போது முண்டு மிளகாய்க் காரத்தைக் குறையுங்கள்.

கழன்ற பிராக்கெட்டை அடுத்த தேதிவரை தொங்கவிடாதீர்கள். பிராக்கெட் இல்லாத பல்லுக்குக் கம்பியின் இழுப்பு கிடைப்பதில்லை. மற்ற பற்கள் நகர, அது பின்தங்கிவிடுகிறது. பிறகு அதை இழுத்துவரக் கூடுதல் மாதங்கள். தடைக்காலத்தில் இருந்த இரண்டு தவணையையும் நீங்கள் விட்டுவிட்டீர்கள். மீன்பிடித் தடைக்காலம் ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அது வரும் என்பது கிளிப் போட்ட அன்றைக்கே வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டிய சிகிச்சையில் அந்த 61 நாளில் ஒன்றோ இரண்டோ தவணை விழத்தான் செய்யும். கையில் காசு இல்லையென்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிப் பின்னால் கொடுங்கள், போகாமல் மட்டும் இருக்காதீர்கள். படகு கரையில் நிற்கிற அந்த நாட்களில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக அப்பாவை விடத் தோதான ஆள் யார்?

இனி, கழற்றிவிடலாமா என்ற கேள்வி. இரவு உணவு நேரத்தை மாற்ற உங்கள் வீட்டுக்கு மனசில்லை என்றால், ஆமாம், கழற்றிவிடுங்கள். தூக்கலான நல்ல பல்லோடு அவள் நன்றாக வாழ்வாள். வரிசையான சொத்தைப் பல்லை வாங்கத்தானா சீட்டு எடுத்தீர்கள்? மாற்றுவதாக இருந்தால் டாக்டரிடம் ஆறு வாரம் கேளுங்கள். அந்த ஆறு வாரமும் ஞாயிற்றுக்கிழமை காலையில், அவள் விளக்கி முடித்ததும், மேலுதட்டைத் தூக்கி, பல்லைச் சுத்தமான துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த பல்லில்தான் வெள்ளை தெளிவாகத் தெரியும். போன வாரத்தைவிடக் கூடியிருக்கிறதா, ஈறு சிவந்திருக்கிறதா, பிராக்கெட் ஏதும் ஆடுகிறதா என்று பாருங்கள். ஒன்பது மாதத்தில் ஒருநாளாவது அவள் வாயைத் திறந்து பார்த்தீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை.

கிளிப்பை எடுத்த பிறகும், பல்லைப் புது இடத்திலேயே பிடித்து வைக்க ரிடெய்னர் என்று ஒன்று தருவார்கள். பல்லைப் பிடித்திருக்கும் ஈறு நார்கள் புது இடத்துக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பும். அதுவும் இரவில் போட வேண்டியதுதான், அதற்கு முன்னாலும் பல் விளக்கியாக வேண்டும்.

டாக்டரிடம் இந்த வாரமே போங்கள். கழன்ற பிராக்கெட்டுகள் வீட்டில் இருந்தால் ஒரு தாளில் மடித்து எடுத்துப்போங்கள். அவள் அப்பாவும் கூட வரட்டும், டாக்டர் சொல்வதை அவரும் காதால் கேட்கட்டும்.