ஃபிலிம் கழுவும்போது வரும் கோளாறுகள்: வாசகர் கேள்வி பதில்

வீட்டிலேயே கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவுவது பற்றிச் சென்ற இதழில் எழுதினாலும் எழுதினேன், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. சிலர் நெகட்டிவையே கவரில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறேன், ஆனால் இனிமேல் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும்.

சார், காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும்போது ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். கழுவிப் பார்த்தால் ஒரு படம்கூட இல்லை, வெறும் பிளாஸ்டிக் பட்டைதான். டெவலப்பர் விற்ற கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டாரா?
— வாசகர், தண்டையார்பேட்டை

கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் ஃபிலிமின் ஓரத்தைப் பாருங்கள் தம்பி. ஓரத்தில் வரிசையாக இருக்கும் பல்லோட்டைகளை ஒட்டி கம்பெனி பெயரும் 1, 2, 3 என்று எண்களும் இருக்கும். அவை ஃபேக்டரியிலேயே வெளிச்சம் காட்டிப் பதித்தவை, உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. எழுத்து பளிச்சென்று கறுப்பாக வந்து படம் மட்டும் இல்லையென்றால் டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து) ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. ஃபிலிம் கேமராவில் மாட்டாமல் நழுவியிருக்கும், இல்லை ஷட்டர் திறக்கவில்லை. எழுத்தும் இல்லை, படமும் இல்லை என்றால் டெவலப்பர் செத்துப்போனது, அல்லது நீங்கள் ஃபிக்ஸரை (கடைசியில் படத்தை நிலைநிறுத்தும் மருந்து) முதலில் ஊற்றிவிட்டீர்கள். இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி இருந்தால் இது யாருக்கும் நடக்கும், மூடியில் கலர் டேப் ஒட்டிவிடுங்கள்.

இதற்கு நேர் எதிராக, ஓரம் உட்பட முழு ரோலும் கறுப்பாக வந்திருப்பதாக மணலியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அது வெளிச்சம் பட்டது. ஃபிலிமைப் போட்டுக் கழுவும் டேங்கின் நடுவில் நிற்கும் அந்தக் கறுப்புக் குழாயைப் போட மறந்தீர்களா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் மேலிருந்து வெளிச்சம் நேராக உள்ளே இறங்கும்.

எல்லாப் புத்தகத்திலும் 20 டிகிரி என்கிறார்கள். வியாசர்பாடியில் மே மாதம் 20 டிகிரிக்கு நான் எங்கே போவது? என் நெகட்டிவ் எல்லாம் அடர்த்தியாக, திட்டுத்திட்டாக வருகிறது.
— வாசகர், வியாசர்பாடி

நியாயமான கோபம். 20 டிகிரியிலேயே நில்லுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், 24-ல் தாராளமாகக் கழுவலாம், நேரத்தைக் குறைத்தால் போதும். எச்பி5 பிளஸ் ஃபிலிமை ஐடி-11 டெவலப்பரில் தண்ணீர் சேர்க்காமல் கழுவினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். அதையே 30 டிகிரியில் செய்தால் மூன்றரை நிமிடத்துக்கும் கீழே போய்விடும், அதில்தான் வினை. ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக டெவலப் செய்தால், ஊற்றவும் கவிழ்க்கவும் ஆகிற நேரத்திலேயே பாதி வேலை முடிந்து, ஒரு பக்கம் கூடுதலாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் ஏறும். உங்கள் திட்டுக்குக் காரணம் அநேகமாக இதுதான். அதே டெவலப்பரில் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். 20 டிகிரியில் 13 நிமிடம் ஆகும், 24-க்கு வந்தால் ஒன்பது, ஒன்பதரை நிமிடம். பதற்றமில்லாமல் செய்யலாம்.

24-க்கு இறக்குவது எப்படி? அகலமான பேசினில் ஐஸைத் தட்டிப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, டெவலப்பர், ஸ்டாப் (டெவலப்பரின் வேலையை நிறுத்தும் மருந்து), ஃபிக்ஸர் மூன்று பாட்டிலையும் அதற்குள் நிறுத்துங்கள். காசிமேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐஸுக்கா பஞ்சம்! ஆனால் ஐஸை டெவலப்பருக்குள் போடக்கூடாது, கரைசல் நீர்த்துப்போகும். மண்பானைத் தண்ணீர் உதவும்தான், ஆனால் நம் பக்கத்துப் புழுக்கத்தில் அதை மட்டும் நம்ப முடியாது.

இன்னொன்று, பலர் கோட்டை விடுகிற இடம். டெவலப்பரை மட்டும் குளிரவைத்துவிட்டு, கடைசியில் குழாயைத் திறந்து கழுவுவார்கள். மொட்டைமாடி டேங்க் தண்ணீர் மதியம் மூன்று மணிக்குக் கையில் பட்டால் சுடும். 24-ல் இருந்த ஜெலட்டின் (ஃபிலிமில் படம் தங்கும் பூச்சு) திடீரென்று அந்தச் சூட்டில் விழுந்தால் ஊதிப்போய், நகம் பட்டாலே உரியும், சில சமயம் பரப்பு முழுக்கச் சுருக்கம் விழும். சுருக்கம் விழுந்தால் அது திரும்பாது. அதனால் கழுவும் தண்ணீரையும் முந்தின ராத்திரியே பிடித்து அதே பேசினில் நிறுத்துங்கள். நிறையத் தண்ணீரும் தேவையில்லை. டேங்கை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டி, மறுபடி நிரப்பி 10 முறை, மறுபடி 20 முறை. கெட்டிப்படுத்தும் மருந்து சேராத ஃபிக்ஸராக இருந்தால் இந்த மூன்று தண்ணீர் போதும், இது எச்பி5 ஃபிலிம் தயாரிக்கும் இல்ஃபோர்டு கம்பெனி சொல்லும் முறை. லாரித் தண்ணீரை எதிர்பார்த்துக் குடத்தை வரிசையில் வைக்கிற தெருவுக்கு இதைவிட நல்ல முறை கிடையாது.

காய்ந்தபின் வெள்ளை வெள்ளையாக வட்டம் விழுகிறது. துடைத்தால் கீறல். எங்கள் வீட்டில் போர் தண்ணீர்.
— வாசகி, திருவொற்றியூர்

அம்மா, பதிலை நீங்களே கடைசி வரியில் சொல்லிவிட்டீர்கள். துளி காய்ந்த இடத்தில் அதிலிருந்த சுண்ணாம்பும் உப்பும் வட்டமாகத் தங்கிவிடுகின்றன. உங்கள் குக்கரின் அடியில் படிகிற அதே வெள்ளைதான். போர் தண்ணீரில் கழுவலாம், கடைசி முக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டரில். பேட்டரிக்கு ஊற்ற கேனில் விற்கிறார்களே, அதுவே போதும் (கடையில் "பேட்டரி தண்ணி" என்று தெளிவாகக் கேளுங்கள், பக்கத்திலேயே பேட்டரி ஆசிட்டும் இருக்கும்). டெவலப்பர் கலக்கவும் இதையே பயன்படுத்துங்கள்.

அந்தக் கடைசித் தண்ணீரில், துளியாக நிற்கவிடாமல் வழியவைக்கும் ஃபோட்டோ-ஃப்ளோ மாதிரியான மருந்து சேர்க்க வேண்டும். லிட்டருக்கு 5 மில்லி என்பது கம்பெனி கணக்கு, நான் அதில் பாதிதான் ஊற்றுகிறேன், கூடினால் அதுவே கோடாக வழிந்து காயும். ஷாம்பு வேண்டாம், அதிலிருக்கும் வாசனையும் எண்ணெய்ப் பசையும் ஃபிலிமில் உட்காரும். விரலால் வழிக்காதீர்கள், ஒரு மணல் துகள் போதும், முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை நேர்கோடு.

ஏற்கனவே வட்டம் விழுந்த நெகட்டிவுக்கு: பளபளப்பான பக்கம் என்றால் வாயால் ஊதி மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போய்விடும். மங்கலான பக்கம் என்றால் துடைக்கவே கூடாது. டிஸ்டில்டு வாட்டரில் பத்து நிமிடம் ஊறவைத்து மறுபடி காயப்போடுங்கள். பிடிவாதமாக நின்றால் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் வெள்ளை வினிகர் சேர்த்து ஊறவைத்து, அப்புறம் அலசுங்கள். காயப்போடுவது ஃபேனுக்குக் கீழே வேண்டாம், ஜன்னலைச் சாத்திய பாத்ரூமில். எண்ணூர் காற்றில் என்ன பறக்கிறது என்று திருவொற்றியூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

துறைமுகத்து வானத்தில், பல்லோட்டைக்கு நேராக, கோடு கோடாக விழுகிறது. நடுவில் சின்னச் சின்ன வட்டப் புள்ளிகளும் உண்டு.
— வாசகர், ராயபுரம்

இரண்டும் வேறு வேறு. கோடு, நீங்கள் டேங்கைப் போட்டுக் குலுக்குவதால் வருகிறது. ஒவ்வொரு ஓட்டையின் வழியாகவும் டெவலப்பர் வேகமாகப் பாய்ந்து அந்த இடத்தில் மட்டும் அதிகம் ஏறும், வெற்று வானத்தில் அது நன்றாகத் தெரியும். நிமிடத்துக்கு நான்கு முறை, பத்து வினாடியில், நிதானமாகக் கவிழ்த்தால் போதும். புள்ளி, காற்றுக் குமிழி. கவிழ்த்து முடித்ததும் டேங்கின் அடியை மேஜையில் இரண்டு தட்டு தட்டுங்கள். விழுந்த புள்ளிக்கு மருந்து இல்லை.

நெகட்டிவ் பால் கலந்த மாதிரி இருக்கிறது. போச்சா?
— வாசகர், பெரம்பூர்

போகவில்லை. ஃபிக்ஸர் பத்தவில்லை. இப்போதே புது ஃபிக்ஸரில் மறுபடி போட்டுக் கழுவுங்கள், வெளிச்சத்திலேயே செய்யலாம். அடுத்த முறை ஃபிலிமின் நாக்கில் (படம் விழாத முன்முனை) ஒரு துண்டு வெட்டி ஃபிக்ஸரில் போட்டு, தெளிய எவ்வளவு நேரம் ஆகிறதோ அதைப் போல இரு மடங்கு கொடுங்கள்.

மாமாவின் மூடிய ஸ்டூடியோவில் எடுத்து முடித்த ஒரு "இந்து" 120 ரோல் கிடைத்தது. கழுவினால் வருமா?
— வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரிப்பு! 1960-ல் தொடங்கி 1967-ல் உற்பத்திக்கு வந்த அரசு நிறுவனம், இப்போது இல்லை. வருமா என்றால், ஏதோ ஒன்று வரலாம். இத்தனை வருடச் சூட்டில் ஃபிலிம் தானாகவே புகை மூட்டமாகியிருக்கும், பதிந்த படமும் மங்கியிருக்கும். பழைய ஃபிலிமுக்கு மூட்டத்தைக் குறைவாக ஏற்றுகிற டெவலப்பர் எடுங்கள், ஹெச்சி-110 நல்லது. 20 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள், இதற்கு மட்டும் ஐஸ் கூடவே போடுங்கள். முழு ரோலையும் ஒரே மூச்சில் கழுவாமல், இருட்டில் வெளிப்பக்கத்திலிருந்து மூன்று விரல் அகலம் வெட்டி அதை மட்டும் கழுவிப் பாருங்கள், கடைசிப் படத்தில் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை. துண்டு ஒரேயடியாகக் கறுத்தால் மீதிக்கு நேரத்தைக் குறையுங்கள். வருடக்கணக்கில் சுருண்டே கிடந்த ஃபிலிம், டேங்குக்குள் வைக்கும் ரீலில் ஏறாமல் முரண்டு பிடிக்கும், ரீல் எலும்பாகக் காய்ந்திருக்கட்டும், வியர்த்த கையோடு சேஞ்சிங் பேக்குக்குள் (கையை விட்டு ஃபிலிம் மாற்றும், வெளிச்சம் புகாத பை) நுழையாதீர்கள்.