வாசகர் கேள்வி: கோடையில் வில்பத்து

கேள்வி: ஓகஸ்டில் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு வவுனியாவுக்கு வருகிறோம். ஒரு நாள் வில்பத்துக்குப் போக ஆசை. அந்த நேரம் காடு காய்ந்து கிடக்கும், ஒன்றும் பார்க்க முடியாது என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். அரைநாள் போதுமா? குதிரைமலை வரை போகலாமா? அப்பாவுக்கு எழுபது வயது, முதுகுவலியும் இருக்கிறது.
- வாசகி, மார்க்கம், கனடா

பதில்: காய்ந்து கிடப்பதால்தான் வரச் சொல்கிறேன் தங்கச்சி. மாரியில் காட்டுக்குள் பள்ளத்துக்குப் பள்ளம் தண்ணீர் நிற்கும், பற்றைகளும் அடர்ந்துவிடும். மிருகங்கள் வெளியே வரத் தேவையில்லை. தென்மேற்குக் காற்றான சோளகம் வீசத் தொடங்கியதும் சின்னப் பள்ளங்கள் வற்றிவிடும். பிறகு மான், மரை, யானை, சிறுத்தை எல்லாம் வில்லுகளைத் தேடித்தான் வரவேண்டும். வில்லு நம்முடைய குளங்களைப் போல அணை கட்டித் துருசு வைத்தது இல்லை. மணல் நிலத்தில் தானாக அமைந்த தாழ்வில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிறது. 1938இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட, 1,300 சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்ட இந்தக் காட்டில் எதைப் பார்ப்பதென்றாலும் வில்லின் கரைதான் இடம்.

ஆனால் ஓகஸ்ட் வரை ஏன் பொறுக்கிறீர்கள்? கனடாவில் ஜூன் கடைசியிலேயே பள்ளிக்கூடம் மூடிவிடுகிறது அல்லவா? முடிந்தால் ஜூலை தொடக்கத்தில் வாருங்கள். மே தொடங்கிப் பாலைப்பழக் காலம். கரடி பாலை மரத்தில் ஏறியிருந்து பழம் தின்னும். மற்ற மாதங்களில் ஆள் அரவம் கேட்டாலே மறைந்துவிடும் மிருகம், அப்போது பகலிலேயே கண்ணில் படும். சிறுத்தைக்காகவே எல்லோரும் போகிறார்கள், எனக்கோ பாலை மரத்துக் கரடிதான் பெரிது. ஜூலை 2, ஓகஸ்ட் 15 இரண்டும் மடு மாதா கோயில் திருவிழா நாட்கள். அந்த நாட்களையொட்டி மதவாச்சிப் பாதையில் வாகனம் நிறைந்துவிடும், அதைத் தவிர்த்துவிடுங்கள். சனி, ஞாயிறும் வேண்டாம்.

அரைநாள் போதாது. விடியற்காலை ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது நீங்கள் அங்கே நிற்கவேண்டும். வவுனியாவிலிருந்து மதவாச்சி, அனுராதபுரம் வழியாக ஹுணுவில்கம வாசலுக்கு இரண்டு மணித்தியாலமாவது பிடிக்கும். பிள்ளைகளையும் அப்பாவையும் நடுச்சாமத்தில் எழுப்பாமல், முதல்நாளே வெளிக்கிட்டு வாசலுக்குக் கிட்டத் தங்குங்கள்.

ஜீப்புக்குக் காசு பேசும்போதே சாரதியிடம் இதையும் பேசுங்கள்: "எங்களுக்கு ஓட்டம் வேண்டாம், வில்லுக் கரையில் எஞ்சினை நிறுத்திவிட்டு ஆறுதலாக இருக்கவேண்டும்." இதைச் சொல்லாவிட்டால், எங்கோ சிறுத்தை நிற்கிறது என்று தகவல் வந்ததும் எல்லா ஜீப்பும் ஒரே பக்கம் பறக்கும். உங்களுக்குப் புழுதிதான் மிஞ்சும். பணிக்கர் வில்லு, குருட்டுப்பாண்டி வில்லு மாதிரி ஓரிடத்தில் ஒரு மணித்தியாலம் பேசாமல் இருந்து பாருங்கள். முதலில் மயில் வரும், பிறகு புள்ளிமான் கூட்டம். மான்கள் திடீரென்று தலை தூக்கி ஒரே பக்கம் பார்த்தால் நீங்களும் அந்தப் பக்கம் பாருங்கள்.

குதிரைமலைக்கு இந்த முறை போகவேண்டாம். செம்மண் மேட்டிலிருந்து கடலைப் பார்ப்பது மிக வடிவான காட்சிதான், அங்கே ஆண்டதாகச் சொல்லப்படும் அல்லி அரசியின் கதையும் அந்த மண்ணோடு சேர்ந்தது. ஆனாலும் மணல் பாதையில் போக வர நாள் முழுக்கக் குலுங்கவேண்டும், அப்பாவின் முதுகு தாங்காது. அவரை முன் சீற்றில் இருத்தி, இடுப்புக்கு ஒரு தலையணை கொடுங்கள். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், புழுதிக்கு முகத்தில் கட்ட ஒரு துணி. சாப்பாட்டைப் பொலித்தீனில் சுற்றாமல் பெட்டியில் கொண்டுபோங்கள். அடையாள அட்டை, கடவுச்சீட்டு இரண்டும் கையில் இருக்கட்டும், வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு.

அப்பாவை அவசியம் கூட்டிப்போங்கள். போர்க்காலத்தில் நீண்டகாலம் மூடிக் கிடந்து, 2010இல்தான் வில்பத்து மறுபடி திறந்தது. வவுனியாவில் வளர்ந்த எங்கள் வயதுக்காரருக்கு அது பக்கத்தில் இருந்தும் போகமுடியாத காடு. தமிழ்நாட்டு ஆதிச்சநல்லூரில் கிடைத்தவை போன்ற, இறந்தவர்களை அடக்கம் செய்த ஈமத்தாழிகள் பொம்பரிப்பிலும் கிடைத்ததை அவர் படித்திருக்கலாம். அந்த மண்ணும் இந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கேள்வி: அதே விடுமுறையில் சுண்டிக்குளத்தில் பூநாரை பார்க்கலாமா?
- வாசகர், விசுவமடு

பதில்: கோடையில் வேண்டாம். 2015இல் தேசியப் பூங்காவான சுண்டிக்குளத்துக்குக் கணக்கு நேர் எதிர். கனகராயன் ஆறும் நெத்தலி ஆறும் மாரித்தண்ணீரைக் கொண்டுவந்த பிறகுதான் களப்பு உயிர்பெறும். கோடையில் பெரும்பகுதி வெடித்த சேறும் உப்பும்தான். நீங்கள் விசுவமடுவிலேயே இருப்பதால் தைப்பொங்கல் கழிந்து ஒரு காலைப்பொழுதில் போய்வாருங்கள். பூநாரைகள் தூரத்தில் நிற்கும், பைனாகுலர் கட்டாயம்.