கலை ஆசையோடு வளரும் பிள்ளையைப் பற்றிக் குறைந்த செலவில் எடுத்த நல்ல படம் ஒன்று சொல்ல முடியுமா?

'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்' பாருங்கள். 2017இல் வந்த அசாமியப் படம், ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. முதல் இருபது நிமிடம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், எழுந்து போய்விடாதீர்கள்.

துனு பத்து வயதுப் பெண். அப்பா இல்லை. அடிக்கடி வெள்ளம் வந்து வயலை அழித்துவிட்டுப் போகிற ஊர். அவளுக்கு ஒரு கிதார் வேண்டும். அதுவரைக்கும் தெர்மாகோலில் செய்த கிதாரோடு ஊர்ப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு பாண்டு. அவளுக்குத் திறமை இருக்கிறது என்று காட்ட ஒரு போட்டி, ஒரு கோப்பை என்று எதுவும் வராது. எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

செலவு விஷயம் கேட்டிருந்தீர்கள். இயக்குநர் ரீமா தாஸ் நடிகையாக வேண்டும் என்று மும்பைக்குப் போனவர். பிறகு காமரூப் மாவட்டத்தில் இருக்கும் சொந்த ஊருக்கே வந்து, எழுத்து, இயக்கம், கேமரா, எடிட்டிங், தயாரிப்பு எல்லாவற்றையும் தானே செய்தார். யூனிட் கிடையாது. ஒலிப்பதிவுக்கு உறவுக்காரப் பெண் மல்லிகா தாஸ். நடித்ததும் ஊர்க்காரர்களே. சில வருடங்கள் விட்டு விட்டு எடுத்ததால் மழையும் வெள்ளமும் அசல், பிள்ளைகள் வளர்வதும் அசல். கையில் காசு இருந்து செட் போட்டிருந்தால் படம் கெட்டுப்போயிருக்கும்! 2018இல் சிறந்த படத்துக்கான தேசிய விருது இதற்குத்தான், மல்லிகாவுக்கும் துனுவாக நடித்த பனிதா தாஸுக்கும்கூட விருது கிடைத்தது. அந்த வருடம் ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பியதும் இதைத்தான்.

சரி, நான் இதைச் சொல்லக் காரணம் வேறு. நடுவில் துனு வயதுக்கு வருகிறாள். நம் மஞ்சள் நீராட்டு மாதிரியே அங்கேயும் சடங்கு. அப்புறம் ஊர்ப் பெண்கள் ஆரம்பிக்கிறார்கள்: மரம் ஏறாதே, பையன்களோடு சுற்றாதே. அம்மா மகளை அதட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ பேசியவர்களைத் திருப்பிக் கேட்கிறாள்.

எனக்கு ஏழாவது படிக்கும்போது சடங்கு. பந்தல், எவர்சில்வர் குடம், பட்டுப்பாவாடை, ஒன்றுக்கும் குறையில்லை. அப்போது கோயில் மண்டபத்தில் மிருதங்கம் கற்றுக்கொண்டிருந்தேன், நாலு பையன்கள், நான் ஒருத்தி. "இனிமே எதுக்குடி அது?" என்றாள் ஆத்தா. அம்மா பால் பொங்குகிறதா என்று அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான், சண்டையெல்லாம் இல்லை. மறுநாளிலிருந்து நான் போகவில்லை.

போன வருடம் அம்மாவும் நானும் சேர்ந்து இந்தப் படத்தைப் பார்த்தோம். அந்தக் காட்சி முடிந்து கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மிருதங்க வாத்தியாருக்கு மாசம் எவ்ளோ குடுத்தோம்?" என்று கேட்டாள்.

ஐம்பது ரூபாய் என்றேன்.