பட்டாளத்தில் பெண்கள்: சங்ககிரிக்காரியிடம் கேளுங்கள்

கேள்வி அனுப்புங்கள் என்று போன வாரம் சொன்னபோது இத்தனை வரும் என்று நினைக்கவில்லை. என்னைத் தெரியாதவர்களுக்கு: சொந்த ஊர் சங்ககிரி, அப்பா லாரிக்காரர். 1998இல் சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிப் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடித்து ஆர்மி சர்வீஸ் கோர், அதாவது படைக்கு அரிசி பருப்பு டீசல் எல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கிற பிரிவில் 14 வருடம் அதிகாரியாக இருந்தேன். 2012இல் வெளியே வந்து இப்போது கோபியில் (கோபிசெட்டிபாளையம்) குடியிருக்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பொள்ளாச்சியிலிருந்து, பி.காம். கடைசி வருட மாணவி: "அக்கா, நான் தமிழ் மீடியம். என்.சி.சி.யில் சி சர்டிபிகேட் வாங்கியிருக்கேன். ஆபீசர் ஆக முடியுங்களா? எஸ்.எஸ்.பி.யில் இங்கிலீஷ்தான் பயமா இருக்கு."

முடியும். சி சர்டிபிகேட்டில் குறைந்தது பி கிரேடும், டிகிரியில் 50 சதவீதமும் இருந்தால் என்.சி.சி. சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வே கிடையாது, நேராக எஸ்.எஸ்.பி.தான், அதாவது அதிகாரியாகத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கும் நேர்முகத் தேர்வு. வயது 19 முதல் 25 வரை, கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. கூடவே படை அதிகாரிகளை எடுக்க யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வையும் எழுதி வை. பரங்கிமலை அகாடமிக்கு மட்டும் எழுதுகிறவர்களுக்கு அதில் கணக்குப் பேப்பர் இல்லை, ஆங்கிலமும் பொது அறிவும்தான்.

இங்கிலீஷ் பற்றி. எஸ்.எஸ்.பி. ஐந்து நாள் நடக்கும். 15 விநாடிக்கு ஒரு வார்த்தை காட்டுவார்கள், மனதில் தோன்றுவதை ஒரு வரியில் எழுத வேண்டும். அப்படி 60 வார்த்தை. அந்த வேகத்தில் அலங்காரமாக எழுத யாராலும் முடியாது. பிறகு மைதானத்தில் பலகை, கயிறு, பீப்பாயைக் கொடுத்து ஒரு குழுவாகத் தடையைத் தாண்டச் சொல்வார்கள். என் குழுவில் கான்வென்ட் இங்கிலீஷ் பேசுகிற பெண் ஒருத்தி இருந்தாள், மூச்சுவிடாமல் யோசனை சொல்வாள், ஆனால் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குக் கை நடுங்குவதைக் கடைசி வரை பார்க்கவில்லை. அவள் தேறவில்லை. தப்புத்தப்பாகப் பேசினாலும் தயங்காமல் பேசு, அப்புறம் மற்றவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேள். முதல் தடவை போகிறவர்களுக்கு ரயில் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள், டிக்கெட்டைத் தொலைத்துவிடாதே.

காங்கேயத்திலிருந்து ஓர் அம்மா: "ஏனுங்க, மகள் பிளஸ் டூ படிக்கிறா, என்.டி.ஏ. எழுதணும்ங்கறா. செலவு எவ்வளவு ஆகுமுங்க? பசங்களோட சேர்ந்து பயிற்சின்னு சொல்றாங்க. நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வந்தா?"

பயிற்சிச் செலவு அரசாங்கத்துடையது. என்.டி.ஏ. என்பது தேசியப் பாதுகாப்பு அகாடமி, புனே பக்கம் கடக்வாஸ்லாவில் மூன்று வருடம், டிகிரியோடு. உச்ச நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்ட பிறகு 2022இல் முதல் பெண்கள் சேர்ந்தார்கள், அவர்களில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வந்துவிட்டார்கள். அதனால் உங்கள் மகள் முதல் ஆள் இல்லை, வழி போட்டாகிவிட்டது. தேர்வில் கணக்கு கட்டாயம் உண்டு. அவள் என்ன குரூப் எடுத்திருக்கிறாள் என்று நீங்கள் சொல்லவில்லை. கணக்கு இல்லாத குரூப் என்றால் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். பயிற்சி தொடங்கும்போது வயது பதினாறரை முதல் பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும், ஆகவே ஒத்திப்போட நேரமில்லை.

பசங்களோடு பயிற்சி உண்டு, தங்கும் அறைகள் தனி. கல்யாணத்தைப் பயிற்சி முடிந்த பிறகு தாராளமாகச் செய்யலாம். என் ஜாதகத்தை எடுத்துப் போன இடத்தில் எல்லாம் "கோயம்புத்தூருக்கே மாத்தல் வாங்கிக்க முடியுங்களா" என்றுதான் கேட்டார்கள். எங்கள் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர், ஒருநாள் பொறுக்க முடியாமல் "ஏன், மாப்பிள்ளைக்கு ஜம்முல வேலை கிடைக்காதா?" என்று கேட்டுவிட்டார். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது, எனக்கு வருத்தமில்லை.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: "மேடம், நேராகவே கேட்கிறேன். கிராமத்து ஆம்பளைச் சிப்பாய் ஒரு பொம்பளை சொன்னால் கேட்பானா?"

உங்கள் கேள்வியை மத்திய அரசே கேட்டிருக்கிறது. சிப்பாய்கள் பெரும்பாலும் கிராமத்தார், பெண்ணின் தலைமையை ஏற்க அவர்கள் மனம் இன்னும் பக்குவப்படவில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் வாதம் வைத்தார்கள். 2020 பிப்ரவரி 17 தீர்ப்பில் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு, பெண்களுக்கு நிரந்தரக் கமிஷனும் (ஓய்வு வயது வரை பணி) தலைமைப் பொறுப்பும் உண்டு என்றது.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் போஸ்டிங், எனக்கு 22 வயது. காலையில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. டிரைவர் "சப் டீக் ஹை மேம்சாப்" என்கிறார், எல்லாம் சரி என்று. எங்கள் வீட்டில் லோடு ஏற்றுவதற்கு முன் அப்பா டயர் கழற்றும் லிவர் கம்பியை எடுத்து ஒவ்வொரு டயராகத் தட்டுவார், லீவு நாளில் அந்த வேலை எனக்கு. காற்று இருந்தால் லிவர் துள்ளித் திரும்பும், "டங்" என்று கேட்கும். இல்லையென்றால் "பொத்". அன்றைக்கும் கை சும்மா இருக்கவில்லை, லிவரை வாங்கித் தட்டிக்கொண்டே போனேன். நாலாவது வண்டியில் பின்பக்க ஜோடி டயரில் உள்பக்கத்து டயர் "பொத்" என்றது. வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. யாரும் எதுவும் பேசவில்லை. அடுத்த நாள் நான் போவதற்கு முன்பே எல்லா வண்டிக்கும் காற்று பார்த்தாகிவிட்டது.

இதோடு நிறுத்தினால் நான் பெரிய ஆள் மாதிரி இருக்கும். மூன்று வாரம் கழித்து ஒரு மலைப்பாதையில் எங்கள் சுபேதார் சாப் "இன்னும் ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்பலாம்" என்றார், 25 வருட சர்வீஸ்காரர். எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு, கேட்கவில்லை. மண் சரிந்து 18 வண்டியும் ராத்திரி முழுக்க வழியில் நின்றன. அந்தக் குளிரில் வண்டி வண்டியாக நடந்து போய் ஒவ்வொருவரிடமும் தப்பு என்னுடையது என்று சொன்னேன், மறுநாள் கமாண்டிங் ஆபீசரிடமும் அதையேதான் சொன்னேன், சுபேதார் பெயரை இழுக்கவில்லை. அவர் என்னை மதிக்க ஆரம்பித்தது டயரால் என்று நான் நினைக்கவில்லை, அந்த ராத்திரியால்தான். இதில் ஆம்பளை பொம்பளை எங்கே வருகிறது, நீங்களே சொல்லுங்கள்.

வடக்கே பணியில் இருக்கும் நாமக்கல் பக்கத்துப் பெண் கேப்டன்: "மேம், ஐந்து வருடம் முடிந்தது. நிரந்தரக் கமிஷன், பிறகு யூனிட் கமாண்ட் வரை போக இப்போதே என்ன செய்ய வேண்டும்?"

கண்ணு, எனக்கு வந்ததிலேயே முக்கியமான கேள்வி இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படி.

1992இல் பெண்களை எடுத்தபோது ஐந்து வருடத்துக்கு என்றுதான் எடுத்தார்கள். அப்புறம் பத்து, அப்புறம் பதினான்கு. 2008இல் சட்டப் பிரிவுக்கும் கல்விப் பிரிவுக்கும் மட்டும் நிரந்தரக் கமிஷன் கொடுத்தார்கள், எங்களுக்கு இல்லை. இதனால் என்ன ஆனது என்றால், எல்லோரும் எங்களைப் போகப்போகிறவர்களாகவே பார்த்தார்கள். நல்ல கோர்ஸுக்கு ஓர் இடம் வந்தால் "அவள் போயிடுவாள், தங்கப்போகிறவனுக்குக் கொடு" என்பார்கள். வருடாந்தர ரகசிய அறிக்கையை ஏனோதானோ என்று எழுதுவார்கள், நடுத்தரமாக ஒரு மார்க், இரண்டு நல்ல வார்த்தை. நாங்களும் அப்படியே இருந்தோம். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு கோர்ஸ் வந்தது, என் மேலதிகாரி "விடும்மா, உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்" என்றார். அந்த 'உனக்கு எதுக்கு' என்பதை அப்போது அக்கறை என்று எடுத்துக்கொண்டேன்.

2020 தீர்ப்புக்குப் பிறகு, நிரந்தரக் கமிஷன் யாருக்கு என்று முடிவு செய்யும் போர்டு உட்கார்ந்து பார்த்தது அதே பழைய அறிக்கைகளைத்தான். இருபது வருடம் சர்வீஸ் போட்ட பெண்களின் முதல் சில வருடக் காகிதத்தை மட்டும் எடுத்து ஆண்களோடு ஒப்பிட்டார்கள், இளவயது ஆணுக்கு வைத்த உடல்தகுதி அளவை நாற்பது தாண்டியவர்களுக்கும் வைத்தார்கள். 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதை மறைமுகப் பாரபட்சம் என்றது. நல்ல தீர்ப்புதான், ஆனால் போகாத கோர்ஸை எந்தத் தீர்ப்பும் கொடுக்காது.

ஆகவே நீ இன்றைக்கே தங்கப்போகிறவள் மாதிரி வேலை பார். மேஜருக்கான பார்ட் பி தேர்வு பாக்கி இருந்தால் இந்த வருடமே முடி, அதற்கு அடுத்த பார்ட் டி தேர்வையும் நேரம் வந்ததும் தள்ளிப்போடாதே. கோர்ஸில் சேர்ந்தால் போதாது, அங்கே வாங்குகிற கிரேடிங் கடைசி வரை கூட வரும். ஊருக்குப் பக்கத்தில் ஆபீஸ் நாற்காலியா, தூரத்தில் ஆட்களும் வண்டியும் கையில் இருக்கும் பொறுப்பா என்று கேட்டால் இரண்டாவதை எடு, அம்மா அழுவார், அழட்டும். ஒரு நோட்டு போட்டு வருடம் பூரா என்ன செய்தாய் என்று எண்ணிக்கையோடு எழுதி வை. அறிக்கை எழுதும் மாதத்தில் அதிகாரிக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. அறிக்கைக்கு நாலு மாதம் முன்பே போய் "எதில் குறை சார்" என்று கேள். கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நம் பக்கத்தில் வளர்த்துவிட்டார்கள், அதை மேட்டுப்பாளையத்திலேயே இறக்கி வைத்துவிடு.

மேட்டுப்பாளையம் என்றதும் நினைவு வருகிறது. மலை ஏறினால் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ், உயர் பொறுப்புக்குப் போகும் அதிகாரிகள் படிக்கும் இடம். சின்ன வயதில் ஊட்டி போகும்போது பஸ் ஜன்னலில் அந்தப் பக்கம் பார்த்திருப்பாய். தரைப்படைப் பெண் அதிகாரிகள் அதன் நுழைவுத் தேர்வில் முதன்முறையாகத் தேறியது 2022இல்தான். உன் பேட்ச்சுக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கிறது, இப்போதிருந்தே படி. 2023இல் பெண்கள் கர்னல்களாகி யூனிட் கமாண்டுக்குப் போக ஆரம்பித்தார்கள், பீரங்கிப் படையிலும் அந்த வருடம்தான் பெண்கள் சேர்ந்தார்கள்.

கரூரிலிருந்து ஒரு பொறியியல் மாணவி: "குழந்தை பிறந்தால் பதவி உயர்வு போச்சா?"

போகாது. 180 நாள் மகப்பேறு விடுப்பு உண்டு, 2023இல் சிப்பாய் நிலையில் உள்ள பெண்களுக்கும் அதே அளவு என்று ஆக்கிவிட்டார்கள். மெடிக்கல் கேட்டகரியில், அதாவது உடல்தகுதித் தரத்தில்தான் கவனம் வேண்டும். பிரசவத்துக்குப் பின் எடையைக் குறைக்காமல் விட்டால் கேட்டகரி இறங்கும், போர்டு அன்று அது கண்ணில் படும். எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

பெயர் போடாத ஒருவர்: "பெண்களுக்கு ஓட்டத்தில் சலுகை, அப்புறம் சம உரிமையா?"

உடல் தேர்வு அளவு வேறுதான், மறைக்கவில்லை. வயது கூடக்கூட ஆண்களுக்கும் அளவு தளர்கிறது, அதை யாரும் சலுகை என்று சொல்லிக் கேட்டதில்லை. அடுத்த கேள்வி.

திருப்பூரிலிருந்து: "14 வருடம் முடித்து வந்தால் பென்ஷன் வருமா?"

அதிகாரிகளுக்கு 20 வருடம் வேண்டும், எனக்கு வரவில்லை, மொத்தமாகக் கொஞ்சம் பணம் கிடைத்தது. வெளியே வந்து பயோடேட்டாவில் "லாஜிஸ்டிக்ஸ்" என்று ஒரு வரி எழுதினேன், ஒரு கம்பெனியில் "இதெல்லாம் எங்களுக்கு ஒத்துவராதுங்க" என்றார்கள். எத்தனை வண்டி, எத்தனை ஆள், மாதம் எத்தனை டன் என்று மாற்றி எழுதினேன், அடுத்த இடத்தில் வேலை கிடைத்தது.

தாராபுரத்திலிருந்து, பத்தாவது முடித்த பெண்: "அக்கா, அக்னிவீர் போலீஸ்ல பொண்ணுங்களை எடுக்கறாங்களாமா? எனக்கு 18 வயசு, ஸ்கூல்ல நல்லா ஓடுவேன்."

எடுக்கிறார்கள், ராணுவப் போலீஸ் பிரிவில். பெண் சிப்பாய்களின் முதல் அணி, 83 பேர், 2021இல் பெங்களூரில் பயிற்சி முடித்தது. இப்போது அக்னிவீர் என்பதால் நான்கு வருடம்; அதன் பிறகு 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரம், மற்றவர்கள் சுமார் 11.7 லட்சத்தோடு வெளியே வர வேண்டும். இதை வீட்டில் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போ. வயது பதினேழரைக்கு மேல் (மேல் வரம்பை அந்த வருட அறிவிப்பில் பார்), பத்தாவதில் மொத்தம் 45 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 33. உயரம் 162 சென்டிமீட்டர், முதலில் சுவரோரம் நின்று அளந்து பார். 1.6 கிலோமீட்டரை ஏழரை நிமிடத்துக்குள் ஓடினால் முதல் குரூப், எட்டு நிமிடம் வரை இரண்டாவது. நீளம் தாண்டுதல் பத்து அடி, உயரம் மூன்று அடி.

நல்லா ஓடுவேன் என்று எல்லோரும் சொல்வார்கள், நேரம் எவ்வளவு என்று கேட்டால் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு கோபிக்கு வா. ஸ்டாப்வாட்ச் என்னிடம் இருக்கிறது, ஷூவை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் போதும்.